அமெரிக்காவின் நடுத்தர அளவு நகரங்கள்: பாலத்தை இடித்து அருவியை மீட்ட ஊரும், நெடுஞ்சாலையை மண்போட்டு மூடிய ஊரும்

#1 | ரீடிக்கரை

நியூயார்க், போர்ட்லாண்ட் பற்றியெல்லாம் இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. நான் தொடங்க நினைப்பது அவ்வளவாகப் பேசப்படாத ஊர்களைப் பற்றி. மில் மூடி, கடைவீதி காலியாகி, உள்ளூர்க்காரர்களே கைகழுவிய பிறகு மரமும் ஆறும் நடைபாதையுமாக மறுபடி எழுந்த நடுத்தர ஊர்கள். நான் குடியிருக்கும் தென் கரோலினாவின் கிரீன்வில் அதில் ஒன்று. நகர எல்லைக்குள் சுமார் 70,000 பேர்தான். சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தால் பல லட்சம்.

ஊருக்கு நடுவே ரீடி ஆறு பாறைமேல் விழுந்து ஓடுகிறது. ஊர் பிறந்ததே அந்த அருவியடியில்தான். பிறகு பஞ்சாலைகள் வந்தன. உலகத்தின் ஜவுளித் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர் இது. அன்றைக்கு மில்லில் எந்தச் சாயமோ அதுதான் ஆற்றின் நிறம் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். 1960-ல் அருவிக்கு நேர் மேலே கேம்ப்பர்டௌன் பாலம் என்ற நான்கு வழிச் சாலைப் பாலத்தைக் கட்டினார்கள். அருவி கண்ணிலிருந்தே மறைந்தது. கீழே தண்ணீர் விழுகிறது என்பதே தெரியாமல் ஒரு தலைமுறை அந்தப் பாலத்தில் கார் ஓட்டியது.

1967-ல் கரோலினா ஃபுட்ஹில்ஸ் கார்டன் கிளப் என்ற தோட்டக்கலைச் சங்கத்தின் பெண்கள் அந்தப் புதர்க்காட்டில் இறங்கினார்கள். நகராட்சி, ஃபர்மன் பல்கலைக்கழகம், ஜவுளிக்காரர்கள் எல்லாரும் கைகொடுக்க, 26 ஏக்கர் மீண்டது. ஆனால் தலைக்குமேல் பாலம் அப்படியே நின்றது. அதை எடுக்க இன்னும் 35 வருஷம் ஆனது! "நல்ல நிலையில் இருக்கிற பாலத்தை எதற்கு இடிக்க வேண்டும்?" என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். பாலம் மாநிலச் சாலைத் துறையுடையது என்பது இன்னொரு சிக்கல். மேயர் நாக்ஸ் வைட் விடவில்லை. 2002-ல் இடித்தார்கள். 2004-ல் ஃபால்ஸ் பார்க்கும், மிகேல் ரொசாலெஸ் வடிவமைத்த லிபர்ட்டி நடைபாலமும் திறக்கப்பட்டன.

அந்த நடைபாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 12 அடி அகலம், 300 அடிக்கு மேல் நீளம், வில் மாதிரி வளைந்து போகும். தாங்கும் கேபிள் ஒரு பக்கம்தான்; அருவிப் பக்கம் எதுவுமே கிடையாது. கைப்பிடியில் சாய்ந்து நின்றால் கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கம்பிகூடக் குறுக்கிடாது. அருவியைப் பார்ப்பதற்காகவே பாலத்தின் மொத்தப் பாரத்தையும் மறுபக்கம் தள்ளியிருக்கிறார்கள்.

இம்மாதிரி ஊர்களை மாற்றியது புதிதாகக் கட்டியதைவிட, இருந்ததை எடுத்ததுதான் என்பது என் கட்சி. ஒரு பாலம், இரண்டு வழித்தடம், ஒரு பார்க்கிங் திடல். எடுத்த பிறகு கிடைக்கும் நிலம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. வேறு ஊர்களில் இருப்பவர்களும் எழுதுங்கள்.

#2 | வைகைமணல்

வணக்கம் அண்ணா. நான் மதுரையில் சிவில் கடைசி வருஷம், நகரமைப்பு படிக்க ஆசை. ஒரு சந்தேகம். நான்கு வழிப் பாலத்தை எடுத்தால் அந்த வண்டிகளெல்லாம் எங்கே போகும்? எங்கள் வகுப்பில் சாலையை அகலப்படுத்துவதற்குத்தான் கணக்குப் போடச் சொல்லித் தருகிறார்கள். குறைப்பதற்குக் கணக்கே இல்லை.

#3 | கீரைத்தோட்டம்

நான் நொய்யல் பக்கத்துக்காரி. சாய ஆறு என்று படித்ததும் நெஞ்சைப் பிடித்தது. இப்போது அந்தத் தண்ணீரில் கால் வைக்கலாமா? பூங்கா அழகாக இருப்பது வேறு, ஆறு உயிரோடு இருப்பது வேறு.

#4 | ரீடிக்கரை

கீரைத்தோட்டம் அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். மில்கள் மூடியதில் சாயம் நின்றது. ஆனால் நகரத்து மழைநீர் தெருவை வழித்துக்கொண்டு வந்து அதே ஆற்றில்தான் விழுகிறது. கோடையில் குழந்தைகள் பாறைமேல் உட்கார்ந்து காலை நனைக்கிறார்கள். நீந்தும் அளவுக்குச் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். 1996-ல் ஊருக்குக் கீழே ஒரு எண்ணெய்க் குழாய் உடைந்து, பத்து லட்சம் கேலனுக்குக் கொஞ்சம் குறைவாக டீசல் ஆற்றில் கலந்தது. பல மைலுக்கு மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றின்மேல் ஊருக்கு அக்கறை வந்ததில் அந்தத் துயரத்துக்கும் பங்குண்டு.

வைகைமணல் தம்பி, ஊரின் நடுவில் பாலம் ஒன்று போனால் வண்டிகள் பக்கத்துத் தெருக்களில் பிரிந்துவிடும். அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். மெயின் ஸ்ட்ரீட் முன்பு நான்கு வழிச் சாலை. 1970-களில் அதை இரண்டாகக் குறைத்து, மிச்ச இடத்தில் மரமும் அகல நடைபாதையும் வைத்தார்கள். செய்தவர் மேக்ஸ் ஹெல்லர், 1971 முதல் 1979 வரை மேயர்.

அவர் வியன்னாவில் பிறந்த யூதர். 1937-ல் அங்கே சுற்றுலா வந்த மேரி மில்ஸ் என்ற கிரீன்வில் பெண்ணைச் சந்தித்திருந்தார். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். மேரி தன் ஊரில் சட்டைத் தொழிற்சாலை நடத்திய ஒரு யூத முதலாளியிடம் பேசி, உத்தரவாதம் வாங்கி, இவரைத் தருவித்தார். தொழிற்சாலையில் தரையைக் கூட்டும் வேலையில் தொடங்கி, சொந்தமாகச் சட்டைத் தொழில் வைத்து, பிறகு மேயரானவர். மக்கள் தெருவில் உலாவி, மரத்தடியில் உட்கார்ந்து பேசும் வியன்னாவைக் கண்ணால் கண்டு வளர்ந்தவருக்குக் காலியாகிக்கொண்டிருந்த அந்த நான்கு வழித் தெருவைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும்! நிலவடிவமைப்புக்கு லாரன்ஸ் ஹால்ப்ரின் வந்தார். அன்று வைத்த கன்றுகள் வளர்ந்துதான் இந்தத் தெருவுக்குக் கூரை கிடைத்தது.

#5 | சட்டநூகாவாசி

கிரீன்வில் நண்பரே, எங்கள் ஊரை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. டென்னசியின் சட்டநூகா. 2020 கணக்கெடுப்பில் 1,81,000 பேர்.

1969-ல் மத்திய அரசு எங்கள் ஊர்க் காற்றை நாட்டிலேயே மோசமானது என்று சொன்னது. நாடறிந்த செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோன்கைட் அதை டிவி செய்தியில் படித்தார். சுற்றிலும் மலை, நடுவில் வார்ப்பாலைகள். புகை பள்ளத்தாக்கை விட்டு எழும்பாது. பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவார்கள், வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போனவர் மதியத்துக்குள் சட்டை மாற்றுவார். அதே 1969-ல் உள்ளூரிலேயே காற்று மாசுச் சட்டம் போட்டு, ஆலைகளுக்கு 1972 வரை கெடு கொடுத்தார்கள். ஆலைகள் சுமார் 4 கோடி டாலர் செலவழித்து வடிகட்டிகள் மாட்டின. பூங்காவும் பாலமும் வருவதற்கு முன்னால் நடந்தது இது. காற்று தேறாமல் எந்த ஆற்றங்கரைக்கு யார் நடக்க வருவார்?

காற்று தேறியது, வேலைகள் போயின. ஆலைகள் வரிசையாக மூடின. 1984-ல் 'விஷன் 2000' என்று ஊர் மக்களைக் கூட்டிவைத்து, வாரக்கணக்கில் பேசவிட்டார்கள். சுமார் 1,700 பேர் கலந்துகொண்டு 40 இலக்குகள் எழுதினார்கள். ஆற்றங்கரையை மீட்பது அதில் முக்கியமானது. 1992-ல் மீன் காட்சியகம் வந்தது. நாலரைக் கோடி டாலர், முழுக்கத் தனியார் நன்கொடை. 1978-ல் பழுதாகிப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட வால்நட் ஸ்ட்ரீட் பாலம் இடிபடவிருந்தது. அதை மீட்டு 1993-ல் நடப்பவர்களுக்கென்றே திறந்தார்கள். இங்கே பாலத்தை இடிக்காததுதான் வெற்றி. ஆக, "எடுத்ததுதான் மாற்றியது" என்ற உங்கள் கட்சியில் எனக்குப் பாதி உடன்பாடு.

எனக்கு மிகப் பிடித்தது பஸ். 1992 முதல் டவுன்டவுனில் இலவச மின்சாரப் பஸ் ஓடுகிறது. இரண்டு முனையிலும் பார்க்கிங் கட்டிடம். காரை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அந்தப் பார்க்கிங் வருமானம் பஸ்ஸை ஓட்ட உதவுகிறது. கார்க்காரரின் காசில் நடப்பவருக்குப் பஸ். இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

2010-ல் ஊருக்குச் சொந்தமான மின்வாரியம் நகரம் முழுக்க ஜிகாபிட் இன்டர்நெட் கொடுத்தது. நாட்டிலேயே அப்படிக் கொடுத்த முதல் நகரம். மின்வாரியம் ஊர்ச் சொத்தாக இருந்ததால்தான் அது சாத்தியமானது. 2025-ல் வட அமெரிக்காவின் முதல் 'நேஷனல் பார்க் சிட்டி' (ஊரையே ஒரு பூங்கா மாதிரி பேணும் நகரங்களுக்குத் தரும் பட்டம்) என்ற பெயரும் வந்தது.

#6 | முல்லைப்பந்தல்

எல்லாவற்றையும் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

சட்டநூகா அண்ணா, அந்த வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தில் 1906-ல் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைப் பொய் வழக்கில் தூக்குக்கு அனுப்பினார்கள். நோவா பார்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டன் வரை போய் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அதற்கு அடுத்த நாளே ஒரு கும்பல் சிறையை உடைத்து, ஜான்சனை அந்தப் பாலத்தில் தொங்கவிட்டுச் சுட்டது. கும்பலைத் தடுக்காமல் விட்ட ஷெரிஃப் ஷிப் மீது உச்ச நீதிமன்றமே விசாரணை நடத்தித் தண்டித்தது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அது நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அதுதான். ஜான்சன் குற்றவாளி அல்ல என்று உள்ளூர் நீதிமன்றம் சொல்ல 2000 ஆம் ஆண்டு வரை ஆனது. பாலத்தை நடைபாதையாக்கி 28 வருஷம் கழித்து, 2021-ல்தான் அங்கே நினைவிடம் வந்தது.

கிரீன்வில்லுக்கும் அதே கேள்வி. பூங்கா வந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் முதலில் மூட்டை கட்டுவது யார்? பல வழித்தடங்களில் மணிக்கு ஒரு பஸ்தான் என்கிற ஊரில், டவுன்டவுனிலிருந்து விரட்டப்பட்டவர் வேலைக்கு எப்படி வந்து சேர்வார்? மரத்தடியில் உட்கார்ந்து காபி குடிப்பவரை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காபிக் கோப்பையைக் கழுவுபவர் எத்தனை மைல் தள்ளிக் குடியிருக்கிறார் என்று பார்க்காவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

#7 | சட்டநூகாவாசி

எழுதியிருக்க வேண்டியதை எழுதினீர்கள் அம்மா, நன்றி. அந்த நினைவிடம் பாலத்தின் தெற்கு முனையில் இருக்கிறது. ஜான்சனோடு அவருடைய இரண்டு வழக்கறிஞர்களுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும் எல்லாரையும் நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

#8 | ரீடிக்கரை

முல்லைப்பந்தல், நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. டவுன்டவுனை ஒட்டிய பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் இப்போது உயரும் வீடுகளின் விலையைப் பார்த்தாலே புரியும்.

இந்த ஊர் அதற்குச் செய்த ஒரு முயற்சியையும் சொல்கிறேன், போதுமா இல்லையா என்று நீங்களே பாருங்கள். டவுன்டவுனுக்கு மேற்கே, அதே ரீடி ஆற்றங்கரையில், நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் மேபெர்ரி பார்க் என்று கறுப்பினக் குழந்தைகளுக்கான சின்ன மைதானம் ஒன்று இருந்தது. 1930-களின் இறுதியில் அதிலும் ஒரு பெரும்பகுதியைப் பிடுங்கி வெள்ளையர் அணிக்குப் பேஸ்பால் அரங்கம் கட்டினார்கள். அந்த இடத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 60 ஏக்கரில் 2022-ல் யூனிட்டி பார்க் திறந்தார்கள். அந்த அநியாயம் பூங்காவிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நகராட்சி தன் கைவசம் இருந்த நிலத்தைக் குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்கென்று ஒதுக்கியது. பூங்கா திறந்து, விலை ஏறிய பிறகு அந்த நிலத்தை நகராட்சி சந்தையில் வாங்கியிருக்க முடியுமா? முடியாது. முன்கூட்டியே கையில் வைத்திருந்ததால்தான் முடிந்தது. ஃபால்ஸ் பார்க் வந்த காலத்தில் இந்த யோசனை யாருக்கும் வரவில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

#9 | கீரைத்தோட்டம்

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகன் குடும்பமும் கிரீன்வில் பக்கம்தான், புறநகரில். போன வருஷம் அங்கே போயிருந்தேன். பெரிய வீடு, அமைதியான தெரு. காலையில் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டால் சாயங்காலம் வரை ஒரு மனித முகம் பார்க்க முடியாது. நடைபாதை நாலு வீடு தள்ளிப் போனதும் நின்றுவிடும். அதற்கப்புறம் வேகச்சாலைதான். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அது வெயில் அடிக்கும் சிறை.

சனிக்கிழமை மெயின் ஸ்ட்ரீட் கூட்டிப்போனார்கள். பேத்திக்கு நடைபாதை ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கிற வெண்கல எலிகளைத் தேடும் விளையாட்டு. ஒன்பது எலிகளாம். பெஞ்சுக்கடியில், கட்டிடத்து விளிம்பில், எங்கெங்கோ. அவள் தேடப் போன நேரத்தில் நான் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தானாக வந்து உட்கார்ந்து, என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "காட்டனா?" என்று கேட்டார். அவர் சின்ன வயதில் மில்லில் நூல் சுற்றும் வேலை பார்த்தவராம். அரைகுறை இங்கிலீஷில் நூல் நம்பர் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம்! அந்தப் பெஞ்சு இல்லாவிட்டால் அந்த மனுஷியை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

அதனால் முல்லைப்பந்தல் சொல்வதும் சரி, ரீடிக்கரை சொல்வதும் சரி. அந்தப் பெஞ்சு ஊரில் ஒரே ஒரு தெருவில் மட்டும் இருப்பதுதான் என் குறை.

#10 | வைகைமணல்

அப்படியென்றால் எல்லா ஊரும் கடைத்தெருவில் காரை நிறுத்தினால் போதுமா?

#11 | சட்டநூகாவாசி

போதாது தம்பி. மிச்சிகனின் கலமஸூ 1959-லேயே கடைத்தெருவில் காரைத் தடுத்தது, நாட்டிலேயே முதலாவதாக. 1998-ல் அதில் ஒரு பகுதியில் மறுபடி கார் விட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 1964-ல் செய்து 2017-ல் திரும்பப் பெற்றது. டவுன்டவுனில் குடியிருப்பவர்கள் இல்லை, கடைகள் புறநகர் மால்களுக்கு ஓடிவிட்டன. கார் போனதும் தெருவில் மிஞ்சியது வெறுமைதான். வெர்மான்ட்டின் பர்லிங்டனில் சர்ச் ஸ்ட்ரீட் 1981-லிருந்து நன்றாகவே நடக்கிறது; நடக்கும் தூரத்தில் பல்கலைக்கழகமும் வீடுகளும் இருக்கின்றன.

#12 | ஏரிக்காற்று

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரிலிருந்து எழுதுகிறேன். வண்டிகள் எங்கே போகும் என்ற வைகைமணலின் கேள்விக்கு எங்கள் ஊரில் நேரடி விடை இருக்கிறது.

எங்கள் டவுன்டவுனைச் சுற்றி 'இன்னர் லூப்' என்று ஒரு வேகச்சாலை. 1950-களில் தொடங்கி 1965-ல் முடித்தார்கள். கிழக்குப் பகுதியில் அது தரைமட்டத்துக்குக் கீழே, கோட்டை அகழி மாதிரி வெட்டப்பட்டது. வீடுகளையும் கடைகளையும் இடித்துத்தான் வெட்டினார்கள். எங்கள் ஊர் ஃபிலிம் கம்பெனியான கோடாக் உச்சத்தில் இருந்தபோது இங்கே சுமார் 60,000 பேர் வேலை பார்த்தார்கள்; 2012-ல் அது திவாலானது. அகழியில் ஓட வண்டியே இல்லை. ஆறு வழிக்கும் மேலாகக் கிடந்த அகழியில், ஒரு சாதாரணத் தெரு தாங்கக்கூடிய அளவுக்குத்தான் போக்குவரத்து. இதைச் சும்மா எண்ணிப் பார்த்ததிலேயே பாதி வாதம் முடிந்துவிட்டது.

2014 முதல் 2017 வரை கிழக்குப் பகுதியை மண்போட்டு நிரப்பினார்கள். பெரும்பங்கு பணம் மத்திய அரசு மானியம். ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: பழைய பாலங்களைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதற்கும் பெரிய செலவு உண்டு. எதுவும் செய்யாமல் இருப்பது இலவசமல்ல. மேலே இப்போது யூனியன் ஸ்ட்ரீட், தனிச் சைக்கிள் பாதையோடு. பக்கத்தில் சுமார் ஆறு ஏக்கர் நிலம் கிடைத்தது. நகராட்சி அதில் வீடுகள் கட்டக் கொடுத்தது, குறைந்த வாடகை வீடுகளும் அதில் சேர்த்தி. அங்கே என் சிநேகிதர் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீட்டு வரவேற்பறை இருக்கும் உயரத்துக்குக் கீழே முன்பு லாரி ஓடியது.

இப்போது வடக்குப் பகுதிக்கு முறை வந்திருக்கிறது. 2022-ல் மாநில அரசு 10 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. வடக்குப் பக்கம்தான் கறுப்பின மக்கள் அதிகம் குடியிருக்கும் பகுதி, சாலை அவர்களை டவுன்டவுனிலிருந்து வெட்டிவிட்டது. அதனால் நிலம் யாருக்கு என்ற கேள்வி கிழக்கைவிட இங்கே பலமடங்கு கனமானது. பொதுமக்கள் கூட்டம் வரும்போதெல்லாம் போகிறேன். அடுத்ததில் எழுந்து பேசலாம் என்றிருக்கிறேன். என்ன கேட்கலாம்? முல்லைப்பந்தல், குறிப்பாக நீங்கள் சொல்லுங்கள்.

#13 | முல்லைப்பந்தல்

ஏரிக்காற்று, பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். முதலில் நிலத்தை விற்கப் போகிறார்களா, குத்தகைக்கு விடப் போகிறார்களா என்று கேளுங்கள். குத்தகை என்றால் நகராட்சிக்குப் பிடி இருக்கும். குறைந்த வாடகை வீடு என்று சொன்னால், யாருடைய வருமானத்தை வைத்து 'குறைந்த' என்கிறீர்கள் என்று கேளுங்கள். வட்டாரம் முழுவதன் சராசரியை வைத்தால், புறநகர்ப் பணக்காரரின் சம்பளமும் அதில் சேர்ந்துவிடும். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அந்த வீடு எட்டாது. எத்தனை வருஷத்துக்கு அந்த வாடகை என்பதையும் கேளுங்கள். கெடு முடிந்ததும் சந்தை விலைக்குப் போய்விடும் வீடுகள் நிறைய.

பணி நடக்கும் வருஷங்களில் அந்தப் பகுதிச் சின்னக் கடைக்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் விடாதீர்கள். தெருவைத் தோண்டிப் போட்டால் முதல் ஆறு மாதத்திலேயே முடிதிருத்தும் கடையும் மளிகைக் கடையும் மூடிவிடும். புதுத் தெரு வரும்போது அதில் நடக்க அவர்கள் இருக்க வேண்டும்.

#14 | வைகைமணல்

அண்ணா, கூட்டம் முடிந்ததும் அவர்கள் காட்டும் போக்குவரத்துக் கணக்கு அறிக்கை கிடைத்தால் இங்கே விவரம் போடுங்கள். அதை வைத்து ஒரு புராஜெக்ட் செய்யலாம் என்று எங்கள் சாரிடம் கேட்டேன், சரி என்றுவிட்டார்.

#15 | ஏரிக்காற்று

கண்டிப்பாகப் போடுகிறேன் தம்பி. அம்மா, நீங்கள் சொன்ன வருமான அளவுகோல் கேள்வியைத்தான் முதலில் வைக்கப் போகிறேன். பேச இரண்டு மூன்று நிமிஷம்தான் தருவார்கள். குத்தகைக் கேள்வியைப் பக்கத்து வீட்டு நண்பரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன். அவர் அந்த வடக்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்.